பஞ்சநாதனின் எதிர்ப்பு சக்தி

நலம் விசாரிக்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. என்ன நோய் என்று கேட்காது; மருந்தைத்தான் முதலில் சொல்லும். மரக்காணத்தில் அந்த இனத்துக்குப் பஞ்சநாதன் என்று பெயர்.

உப்பளம் வைத்திருக்கிறார். காலையில் பாத்திகளை ஒரு சுற்று சுற்றி, டீ குடித்து, வாட்ஸ்அப்பில் வந்த நாலு வைத்தியக் குறிப்புகளை மனப்பாடம் செய்து, யார் வீட்டில் இருமல் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிளம்பினாரென்றால், மூன்று பேரையாவது குணப்படுத்தாமல் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப மாட்டார். காய்ச்சலா? எதிர்ப்பு சக்தி குறைவு. கால் சுளுக்கா? அதுவும் எதிர்ப்பு சக்திதான்.

பக்கத்து வீட்டு ஷமாவுக்கு வாயெல்லாம் புண், கண்ணில் சிவப்பு, வலி. பெசெட் நோய் என்றார் புதுச்சேரி டாக்டர். அபூர்வமாக வருவது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே வெறி பிடித்து அவள் ரத்தக் குழாய்களைத் தாக்குகின்றன, அவற்றை அடக்கத்தான் மாத்திரை, விட்டால் பார்வை போய்விடும் என்று விளக்கினார். ஷமாவுக்குப் புரிந்தது. பஞ்சநாதனுக்குப் புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“எதிர்ப்பு சக்தியக் குறைக்கவா மாத்திரை? அநியாயமா இருக்குதே. நிறுத்தும்மா. சக்திய ஏத்துற சீந்தில்கொடி கஷாயம் கொண்டாந்திருக்கேன்.”

மாமியார் மரியம் பீவி உடனே நம்பிவிட்டார். மாத்திரையால் முகம் ஊதிப்போன கடுப்பில் ஷமாவும் இணங்கினாள். பன்னிரண்டாம் நாள் வலக்கண் புகை படிந்ததுபோல் மங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, பாதிப் பார்வையைத்தான் மீட்க முடிந்தது. இப்போது மகளின் பாட நோட்டை இடக்கண்ணருகே பிடித்துப் படிக்கிறாள்.

வீடு திரும்பிய மறுநாளே பஞ்சநாதன் வந்தார். வருத்தப்பட்டாரா? பட்டார், கஷாயத்தின் அளவைப் பற்றி.

“ரெண்டு வேளைதான் குடிச்சிருப்பே. நான் மூணு வேளை சொன்னேனே.”

ஷமாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கேள்விதான் கேட்டாள்.

“அண்ணே, உப்பு வாருற நேரத்துல மழை புடிச்சுக்கிச்சுன்னு வச்சுக்குங்க. தண்ணி பத்தலன்னு மோட்டாரப் போடுவீங்களா?”

“போட்டா மொத்த உப்பும் கரைஞ்சு போயிடுமேம்மா.”

“எனக்கும் அதாங்க ஆச்சு.”

உப்புக் கணக்கு பஞ்சநாதனுக்குப் புரிந்தது. பிறகு பையைத் திறந்தார்.

“சரி விடும்மா, நடந்தது நடந்துடுச்சு. கண்ணுக்குத்தான் பொன்னாங்கண்ணி இருக்குதே.”

நீங்கள் இந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லதுதானே என்று இப்போது உங்கள் மனத்தில் ஓடியதா? அப்படியானால் ஓர் உதவி செய்யுங்கள். ஷமா வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.