மாரிமுத்து வீட்டு ஏழாவது ஆள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஒரு பெரிய ஆய்வின் கணக்கைப் பொய்யாக்கியிருக்கிறேன். அதை ரொட்டி தின்றே செய்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. பதுளைக் கடைவீதியில் வாப்பாவுக்குப் புடைவைக்கடை இருந்தது. துணி அளக்கும்போது தெருவைப் பார்த்துக் கனவு காண்கிறவன் என்று அவர் என்னைக் கடைக்குள் விடுவதில்லை. (கெஜத்துக்கு நாலு விரல் கூடவே போய்விடும். வாடிக்கையாளர்கள் என்னைத்தான் விசாரித்து வருவார்கள்.) அந்தச் சமயத்தில், தேயிலைத் தோட்டக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வொன்றுக்கு ஆள் எடுத்தார்கள். அதே குடும்பங்களிடம் வருடா வருடம் போக வேண்டும். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், என்ன வேலை, என்ன வருமானம், என்ன சாப்பாடு என்று கேட்டு எழுத வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஞாயிறு தவிர்த்துத் தினமும் போக வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடு, லயம் என்பார்கள், எனக்குக் கிடைத்தது. பத்துக் காம்பரா, அறைக்கு ஒன்றாகப் பத்துக் குடும்பம். அந்த ஒரு மாதத்தை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்.

பயிற்சியில் இரண்டு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விசாரிக்கப் போகும் வீட்டில் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது ஒன்று. ஒரு மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஒரு வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர் அந்தக் குடும்பத்து ஆள், உறவோ ஊரோ மதமோ பார்க்க வேண்டியதில்லை என்பது மற்றது. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் நான் அகப்பட இடமிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பஸ் அடிவாரத்தில் இறக்கிவிடும். தேயிலைக்குள்ளால் ஏறுவேன். அந்த மலையில் நண்பகல் என்பது வெளிச்சம் குறைகிற நேரம். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து, கீழே இருக்கும் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்கு இறங்குவார்கள். முதலில் பேச்சு வரும், பிறகு கூடை வரும், கடைசியில்தான் ஆள் வரும். ஒன்பது வீடுகளில் கேள்வி கேட்டு முடித்துக் கடைசிக் காம்பராவுக்குப் போகும்போது என் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். விறகுப் புகையும் பனியும் கலந்த அந்த அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், உலகத்தில் பதில்கள் மட்டுமே மிஞ்சியிருப்பதாகத் தோன்றும்.

அந்தக் கடைசிக் காம்பரா மாரிமுத்துவுடையது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி செல்லம்மா கொழுந்தெடுக்கிறவர். மாரிமுத்துவின் தம்பி பெருமாள், மூன்று பிள்ளைகள். ஆக ஆறு பேர்.

முதல் நாள் செல்லம்மா என் படிவத்துக்குப் பக்கத்தில் ரொட்டித் தட்டை வைத்தார். விதியைச் சொல்லி மறுத்தேன். இரண்டாம் நாளும் மறுத்தேன், கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் நாள் கூடவே தேங்காய்ச் சம்பல் இருந்தது.

அதன் பிறகு தினமும் இரண்டு ரொட்டி. அரிசி கூப்பனில் கொஞ்சம்தான் கிடைத்த காலம் அது. மாவுக்கு வரிசையில் நின்றார்கள். பல வீடுகளில் மரவள்ளிதான் மத்தியானச் சாப்பாடு. இதையெல்லாம் அழகான கையெழுத்தில் நானேதான் எழுதினேன். ஒரு கையால் எழுதினேன், மறு கையால் தின்றேன்.

தின்று முடித்ததும் கடைசிக் கேள்வியைக் கேட்பேன். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாயிற்றா? சாப்பிட்டோம் என்பார் செல்லம்மா. நீங்கள்? இரண்டு ரொட்டி என்பார். செல்லம்மா, 2 என்று எழுதிக்கொள்வேன். (எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷி ஒரு நாளாவது வாயை அசைத்ததைப் பார்த்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.)

ஒரு நாள் மட்டும், இது வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்தேன்.

"நாங்க யாருகிட்டத் தம்பி சொல்லப் போறோம்? சாப்புடுங்க" என்றார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மேற்பார்வையாளர் கனகசபை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கையில் குடை, மறு கையில் விதிப் புத்தகம். என் படிவங்களைப் பார்த்தவருக்கு மாரிமுத்து வீட்டு மாக் கணக்கு உறுத்தியிருக்கிறது. ஆறு பேர் உள்ள மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் அந்த மா அதிகம். மறுவிசாரணை செய்ய வேண்டும் என்றார். விசாரித்தவன் அப்போது உள்ளே இருக்கக்கூடாது என்பதும் விதி. என்னை வெளியே நிறுத்திவிட்டு அவர் சாக்கில் உட்கார்ந்தார்.

கழிவுநீர் ஓடும் காணோரத்தில் நின்றேன். பனி என் சப்பாத்துவரை வந்திருந்தது. பக்கத்துக் காம்பரா பாக்கியம் ஈரத்துணியை உதறியபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கேள்வித் தொரை, இன்னைக்கு உள்ள போகலையா? ரொட்டி ஆறிப் போவுதே."

உதட்டில் விரலை வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, லயம் முழுவதற்கும் கேட்கும்படி சிரித்தாள்.

லயத்துச் சுவர் பேச்சை மறைப்பதில்லை. உள்ளே கனகசபையின் குரல் நிதானமாக வந்தது.

"ஆறு பேர். அதிலை மூண்டு குழந்தையள். இவ்வளவு மா என்னெண்டு முடியுது? ஆரையோ உள்ளுக்கை வைச்சிருக்கிறியள்."

யாரும் இல்லை என்றார் மாரிமுத்து.

"சொல்லாட்டி நான் தோட்டத்து ஒப்பீசிலைதான் கேக்க வேணும்."

இதன் பொருள் அந்த லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அனுமதியில்லாமல் வெளியாளை வைத்திருந்தால் காம்பரா போய்விடும். பாக்கியம் சிரிப்பை நிறுத்தினாள். செல்லம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வீடு நிற்கும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் நேர்மாறு. அவர் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கோ மேலே தொழிற்சாலை இரைந்துகொண்டிருந்தது. நான் நிரந்தர வேலையை நினைத்தேன், வாப்பாவின் முகத்தை நினைத்தேன், பனி எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு காலைப் படியில் வைத்தேன். (ஒரு காலை வைத்தது உண்மை. என் மனைவி இதுவரை நம்பவில்லை.)

அதற்குள் செல்லம்மா பேசிவிட்டார்.

"வேற யாருமில்லீங்க. வெளிய நிக்கிறாரு பாருங்க, அவருதான்."

கனகசபை எட்டிப் பார்த்தார். ஒரு காலைப் படியிலும் ஒரு காலைக் காணோரத்திலும் வைத்து நான் நின்றிருந்தேன்.

"எத்தினை நாள்?"

"ஞாயித்துக்கெழமை தவர தெனமுங்க. மத்தியானம் மட்டுந்தான். வேணும்னா அரைப்பேர் போட்டுக்கங்க."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். எனக்காக அவர் கேட்ட சலுகை அது.

கனகசபை படிவத்தைப் புரட்டினார். "நீங்கள் தினமும் ரெண்டு ரொட்டி சாப்பிட்டதெண்டு எழுதியிருக்கு."

"அது தம்பி தின்னதுங்க. எனக்கு மத்தியானத்துல அவ்வளவாப் பசிக்காது."

நான் பிற்பாடு இருபத்தைந்து வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். நேரில் பார்த்ததை மட்டுமே எழுதுகிறவன் என்று பெயரும் எடுத்தேன். ஒரு மாதம் முழுக்க நான் தின்ற ரொட்டியை இன்னொருத்தியின் பெயரில் பிழையற்ற கையெழுத்தில் எழுதியவன் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது.

கனகசபை விதிப் புத்தகத்தைத் திறந்தார். நெடுநேரம் வாசித்தார். என்னை உள்ளே கூப்பிட்டு, தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பாதி நாளுக்கு மேலை சாப்பிட்டிருக்கிறீர். அப்ப நீர் இந்த வீட்டு ஆள். தன்ரை வீட்டிலை சாப்பிட்டது குற்றமில்லை. ஆனா தன்ரை வீட்டைத் தானே விசாரிக்கேலாது."

அவ்வளவுதான். என்னை வேலையிலிருந்து நீக்கினார் என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்கிற பக்கத்திலிருந்து பதில் சொல்கிற பக்கத்துக்கு மாற்றினார். மா ஏழு பேருக்குப் பிரிந்தது. செல்லம்மாவின் பெயருக்கு நேரே இருந்த இரண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பூச்சியம் போட்டார். ஏழாவது வரியில் என் பெயரை எழுதிவிட்டு, குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்று கேட்டார்.

பெருமாள் சிரித்துக்கொண்டு, சம்பந்தின்னு போடுங்க என்றான். கனகசபை, 'உறவில்லாதவர்' என்று எழுதப் போனார். அப்போதுதான் மாரிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"உறவில்லாத ஆளுக்கா இத்தன நாளா ரொட்டி போட்டோம்?"

உறவினர் என்று எழுதினார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீண்டகால ஆய்வு ஒரு ஆளை மறப்பதில்லை. ஒரு தடவை வரியில் ஏறியவர் இறந்தால் ஒழிய இறங்க முடியாது. அடுத்த வருடம் வந்த புதுப் பையன் செல்லம்மாவிடம் கேட்டிருக்கிறான், ஏழாவது ஆள் எங்கே, இப்போது என்ன தொழில் என்று. பதில் தெரியாமல் விடுவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். மாரிமுத்துவை வாப்பாவின் கடைக்கு அனுப்பினார்.

"மொதலாளி, தம்பி இப்ப என்ன சம்பளம் வாங்குறாருன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

நான் அப்போது வேறொரு வேலைக்குப் போயிருந்தேன். சம்பளத்தை என்னிடம் கேட்டுத் தோற்றிருந்தவர் வாப்பா. அன்றைக்கு மாரிமுத்துவுக்கு முன்னால் நான் உண்மையான தொகையைச் சொல்ல வேண்டி வந்தது. வாப்பா தேத்தண்ணீர் வரவழைத்தார். அன்று முதல் வருடத்துக்கு ஒரு முறை மாரிமுத்து வருவார். நான் வேலை மாறியது, பதுளை நிருபரானது, கலியாணம் செய்தது எல்லாம் அந்தத் தோட்டத்துப் படிவத்தில் வருடவாரியாக ஏறின. என்னைப் பற்றி இவ்வளவு ஒழுங்கான பதிவு எங்கள் வீட்டில்கூட இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வில் ஒரு புது விதி வந்தது. பிரிந்து போன ஆட்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிப் போய் விசாரிக்க வேண்டுமாம். ஒரு காலை, மழை விட்ட நேரம், ஒரு இளைஞன் எங்கள் வாசலில் நின்று, மாரிமுத்து குடும்பத்து ஏழாவது ஆள் இருப்பது இந்த வீட்டிலா என்று கேட்டான். நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வரவில்லை. என் மனைவி கொஞ்சமும் தயங்காமல் ஆமாம் என்று சொல்லி அவனை உட்கார வைத்தாள். பெயர், வயது, பிள்ளைகள், வருமானம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக, இவர் அந்தக் குடும்பத்தை விட்டுப் பிரிந்த காரணம் என்ன என்று அவன் கேட்டான். திருமணமா, தொழிலா, சண்டையா?

"அதொண்டும் இல்ல. சாப்பிட்டுப் புடிபட்டுட்டாரு" என்றாள்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை. அவன் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்ததைக் கதவிடுக்கால் பார்த்தேன். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் எந்தக் கூட்டத்திலிருந்தாவது, எந்தக் கலியாண வீட்டிலிருந்தாவது நான் சீக்கிரம் திரும்பி வந்தால், தலையை நிமிர்த்தாமலே கேட்கிறாள்:

"என்ன வாப்பா, புடிபட்டுட்டீங்களா?"