நாலு விரல் தூரத்து லென்ஸ்

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். இதில் உள்ள வசதிகளைப் பற்றி ஊரில் எல்லாரும் கதைப்பார்கள். இரண்டாவது மகளுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்து அதே வேலிக்குள் குடியேறும்போது மூத்த மருமகனின் வயிறு எப்படி எரியும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

சாய்ந்தமருதில் என் மாமியார் வீட்டில் சில வருடங்கள் நான் தனிக்காட்டு ராஜா. பொரித்த மீனில் நடுத்துண்டு எனக்குத்தான் வரும். பிறகு நௌபர் வந்தான். என் மனைவி பரீனாவின் தங்கையைக் கட்டியவன், எனக்குச் சகலன். ஆள் நல்ல உயரம், தலை நிறைய முடி, யாரிடமும் அதிர்ந்து கதைக்க மாட்டான். அதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். (மன்னிக்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.) மன்னிக்கவே முடியாதது அவன் எடுத்த ஒரு படம். இறக்காமத்து வயலில் நெற்கதிரின் நுனியில் ஒரு பனித்துளி, அந்தத் துளிக்குள் முழு வயலும் தலைகீழாக. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாமிக்குக் கொடுத்தான். மாமி அதை முன் ஹோலில் மாட்டினார்.

வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மாமி அந்தச் சுவருக்குக் கூட்டிப் போவார்.

"எங்கட இளைய மருமகன் எடுத்த. துளிக்குள்ள பாருங்க, வயல் இரிக்கி. மாஷா அல்லாஹ்!"

"மூத்தவர் என்ன செய்றார்?"

"அவர் கந்தோருக்குப் போய் வாறார்."

போய் வாறார்! அலுவலகம் போய் வர நான் என்ன பஸ்ஸா? மீனின் நடுத்துண்டும் அதற்குள் நௌபரின் சோற்றுக் கோப்பைக்கு மாறியிருந்தது.

என்னிடமும் ஒரு கமரா இருந்தது. இல்லாதது, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மெக்ரோ லென்ஸ். அதை வாங்குவதென்று முடிவெடுத்தேன். ஆனால் எதை வாங்குவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நௌபர். அவனிடம் போய் நேராகக் கேட்க ரோசம் விடவில்லை.

"தம்பி, என்ட கந்தோர்ல ஒருத்தர் மெக்ரோ லென்ஸ் வாங்கப் போறாராம். எது நல்லம் எண்டு கேட்டார்."

"நூறு மில்லிமீட்டர் எடுக்கச் சொல்லுங்க காக்கா. தூரத்தில நிண்டு எடுக்கலாம். கட்டை லென்ஸ் எடுத்தா எல்லாத்துக்கும் கிட்டப் போய் முட்ட வேண்டி வரும்."

என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒரு நல்ல மனிதன் சொன்ன நல்ல யோசனை. ஆனால் எரிகிற வயிற்றுக்கு அது அப்படியா விளங்கும்? இவன் என்னைத் தூரத்திலேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறான் என்றுதான் விளங்கியது. கல்முனைக் கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து மேசையில் வைத்து, அவரும் நூறையே என் பக்கம் தள்ளினார். நௌபர் சொல்லி வைத்திருப்பானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கட்டையானதைத் தூக்கிக்கொண்டேன்.

"கிட்டப் போக எனக்கு என்ன பயம்?" என்று அவரிடம் கேட்டேன். அவர் பெட்டியைக் கட்டித் தந்தார்.

அந்த லென்ஸுக்குப் பொருளிலிருந்து நாலு விரல் தூரம் வரை போக வேண்டும். கடற்கரை நண்டுக்கு அது பிடிக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிக்கும் பிடிக்கவில்லை. மணலில் முழங்கையும் வயிறும் தேய ஊர்ந்து போய் வெறும் வளைகளைப் படம் எடுத்தேன். என்னைக் கண்டு ஓடாமல் இருந்தது மாமி காயப்போட்ட கருவாடு ஒன்றுதான். அதன் கண்ணை அருமையாக எடுத்தேன். அதை ஹோலில் மாட்டுங்கள் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

அப்போதுதான் மாமியின் கடைசி மகள் ஹஸ்னாவுக்குக் கலியாணம் வந்தது. மாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஹஸ்னாட மருதோண்டிக் கைய ரெண்டு பேரும் படம் எடுங்க மனே. எது நல்லமோ அத ஹோல்ல மாட்டுவம்."

பனித்துளிக்குப் பக்கத்தில் அந்த மருதாணிக் கைப் படத்துக்காக ஓர் ஆணியும் அடித்தாயிற்று. இரண்டு நாளாக நான் அந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், உள் அறை நிறையப் பெண்கள். நௌபர் வாசல்படியைத் தாண்டவே இல்லை. திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டச் சொல்லி, எட்டி நின்று எடுத்தான். முடிந்தது. அடுத்தது நான்.

"கொஞ்சம் கிட்ட வரணும் மாமி."

"எவ்வளவு கிட்ட?"

"நாலு விரல்."

கலியாணத்துக்கு இருக்கும் மச்சியின் கையில் மூச்சுப் படுகிற தூரத்துக்கு ஒரு மச்சான் போவதா? மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தேவை மருதோண்டிதானே? நில்லுங்க, கை வரும்" என்று உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் திரைக்கு நடுவால் மருதோண்டிக் கை ஒன்று வெளியே வந்தது. மண்டியிட்டேன். கமராவுக்குள் பூவும் கொடியும்தான் தெரிந்தன. லென்ஸின் நிழலே கையில் விழுந்தது. "மாஷா அல்லாஹ், பூ மாதிரிக் கை!" என்று நௌபருக்குக் கேட்கும்படி இரண்டு மூன்று தடவை சொன்னேன். உள்ளே யாரோ வாயைப் பொத்திச் சிரித்தது கேட்டது. வெட்கம் என்று நினைத்தேன்.

நௌபர் அனுப்புவதற்கு முன் நான் அனுப்பிவிட வேண்டும். அந்த அவசரத்தில் படத்தைச் சரியாகப் பார்க்காமலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் இருக்கிற குழு. கீழே எழுதினேன்: "புதுப்பெண்ணின் பூங்கரம். படம்: மூத்த மருமகன்."

குழு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. அழகில் சொக்கிப்போனார்கள் என்று நம்பிக்கொண்டு பிளேன்டீ குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா இறங்கினார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒண்டும் நினைக்காதங்க. படத்தப் பாத்த பொறகு நெஞ்சு கேக்கல்ல. பொண்ணுட கைய ஒருக்காப் பாத்துட்டுப் போறன்."

அப்போதுதான் நானும் படத்தை விரித்துப் பார்த்தேன். பூவுக்கும் கொடிக்கும் இடையில் சுருக்கம். சுருக்கத்துக்கு மேலே புடைத்த நரம்பு. பெருவிரலில் வெங்காயம் வெட்டிய பழைய தழும்பு. என்னுடைய லென்ஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஹஸ்னா கண் கலங்க வந்து கையை நீட்டினாள். மாப்பிள்ளையின் உம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் மாமி தன் கையையும் நீட்டினார்.

"படத்தில இரிக்கிறது இதுதான். நாலு விரல் கிட்ட வாற மருமகனுக்குக் குமர்ப் பொண்ணுட கைய நீட்ட ஏலுமா? பரீனாட கைய நீட்டலாமெண்டா அவக்கு வேலையோட வேல, மருதோண்டி போடல்ல. மாமி எண்டா உம்மா மாதிரி. அதால என்ட கைய நீட்டின."

மாப்பிள்ளையின் உம்மா சிரித்துச் சிரித்துக் கடைசியில் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஹஸ்னாவும் கண்ணீரோடு சிரித்தாள். நௌபர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குணத்தையும் நான் மன்னிக்கவில்லை.

ஆணிக்கு நௌபரின் படம் போனது. ஆனால் மாமி என் படத்தையும் பெரிதாக்கச் சொல்லி, தன்னுடைய அறையில், தொழுகை விரிப்பு மடித்து வைக்கும் இடத்துக்கு மேலே மாட்டினார். பார்க்கிறவர்கள் வற்றி வெடித்த குளமா என்று கேட்பார்கள். "என்ட கை. மூத்த மருமகன் எடுத்த" என்பார் மாமி. அதைக் கேட்கவே நான் அந்த அறைப் பக்கம் அடிக்கடி நடப்பேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டுக் கலியாணத்துக்கு நான் கமராவோடு போனாலும், "காக்கா வாறார், மாமிமார் எல்லாரும் கைய நீட்டுங்க!" என்று ஒரு குரல் வரும். பழகிவிட்டது.

போன கிழமை நௌபர் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"காக்கா, உங்கட கட்டை லென்ஸ ஒருக்காத் தாங்களன். நானும் மாமிட கைய எடுக்கப் பாக்கிறன்."

"நூறுதான் தம்பி நல்லம்" என்றேன். "தூரத்தில நிண்டு எடுக்கலாம்."