சும்மா இருந்த மடி

நடத்தி வைக்கிறவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. கல்யாணம் நடத்தி வைப்பவர்களைச் சொல்லவில்லை. தான் ஒரு நாளும் செய்திராத வேலையை அடுத்தவர் எப்படிச் செய்யவேண்டும் என்று பிறந்தது முதலே அறிந்தவர்களைச் சொல்கிறேன். அடுப்படிக்குள் காலே வைக்காமல், குழம்பில் புளி குறைவு என்று வாசலில் நின்றே கண்டுபிடிப்பார்கள். ஆற்றில் இறங்காமல் ஓடக்காரனுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை பெறுகிறவளுக்குக்கூட, மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடி, இரண்டு யோசனை சொல்லாமல் போகமாட்டார்கள். அவர்கள் வாயில் எந்நேரமும் ஒரே வாசகம்தான்: "இதுல என்ன கஷ்டம்?" பார்த்திருப்பீர்களே?

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னால், மலாயாவில் தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த சபாபதி இந்த இனத்தின் திலகம். ஆபீஸ் கணக்கு அவர் கையில், கூலியாட்கள் குடியிருந்த லயத்து வீடுகள் அவர் கையில், தோட்டத்துப் பள்ளிக்கூடமும் அவர் கையில். அவருடைய வெள்ளைக் கோட்டுக்குப் போட்ட கஞ்சியில் ஒரு குடும்பமே வயிறு நிறைந்திருக்கும். கோட்டு முதலில் வரும். அவர் பின்னால் வருவார். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் பெரிய துரையின் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நின்றுவிடும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டு அவர் எழுந்த வேகத்தில், டிரஸ்ஸர் கையில் குறடும் பல்லும் மட்டுமே மிஞ்சின. இழுக்கிற சிரமம் டிரஸ்ஸருக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் சபாபதிக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று: கைக்குழந்தைகள். தாய்மார் விடியுமுன்னே ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையோ நிரம்பி வழிந்தது. ஆகவே அக்காமார் இடுப்பில் தம்பி தங்கையோடுதான் படிக்க வந்தார்கள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து இந்த வழக்கம் நிற்கவேண்டும் என்றார் கிராணியார். அப்படியானால் பெண்பிள்ளைகள் யாருமே வரமாட்டார்கள், தம்பியைச் சுமந்து வருகிற செல்லம் இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள், அவள் படிப்பு இத்தோடு நின்றுபோகும் என்று ஐயாசாமி வாத்தியார் மன்றாடிப் பார்த்தார்.

"புள்ளைய வீட்டுல விட்டுட்டு வரட்டும். இதுல என்ன கஷ்டம்?"

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வாத்தியார் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு யோசனை வரும். கிராணியாரோ, தம் முடிவு எவ்வளவு சரியானது என்று காட்டுவதற்காக, வெள்ளிக்கிழமை முழுக்கத் தாமே மாணவனாகப் பாயில் உட்கார்ந்து, குழந்தைகளால் பாடம் கெடுவதைக் கண்ணால் கண்டபிறகுதான் உத்தரவை ஒட்டப்போவதாக அறிவித்தார். வாத்தியார் உடனே சரி என்றார். மன்றாடிக்கொண்டிருந்த மனிதர் இவ்வளவு சீக்கிரம் சரி என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா? அந்தப் பழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தார். நாற்காலியை வேண்டாம் என்றார்; மாணவன் அல்லவா? கஞ்சி போட்ட கால்சட்டை மடங்க மறுத்ததால், இரண்டு பையன்கள் ஆளுக்கொரு முழங்காலைப் பிடித்து மடக்கி அவரை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததுதான் தாமதம், நிர்வாகம் தொடங்கிவிட்டது. கரும்பலகை சாய்ந்திருக்கிறது, பாயைத் திருப்பிப் போடவேண்டும், வாத்தியார் இன்னும் உரக்கப் பேசலாம், இவ்வளவு உரக்க வேண்டாம், பக்கத்துப் பையன் மூக்கைச் சிந்தவேண்டும், ஆனால் அந்தப் பக்கமாகச் சிந்தவேண்டும். வாத்தியார் ஒரு கூட்டல் கணக்கை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாத்தியார் அக்காமாரில் யாரையாவது எழுப்பினால், அவள் தன் குழந்தையைப் பக்கத்தில் எந்த மடி காலியாக இருக்கிறதோ அதில் வைத்துவிட்டுப் போவாள். யார் மடி என்ற பேச்சே இல்லை. அன்று அந்தப் பாயில் காலியாக இருந்த மடி ஒன்றுதான். அதுவும் நல்ல விசாலமான மடி.

வாத்தியார் செல்லத்தை வாசிக்கக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் புடிங்கய்யா. சும்மாத்தான இருக்கீங்க," என்று அவள் தன் தம்பி சின்னத்தம்பியைக் கிராணியார் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பெரிய கிராணியைச் சும்மா இருப்பதாக அந்தத் தோட்டத்தில் எவரும் சொன்னதில்லை. அதற்குத் தக்க பதிலை அவர் தேடி எடுப்பதற்குள், பல் முளைக்கிற வயதுச் சின்னத்தம்பி கடிகாரச் சங்கிலியைச் சப்பிப் பார்த்து, கோட்டைத் தடவிப் பார்த்து, அதன் மொரமொரப்புப் பிடித்துப்போயோ என்னவோ, கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். செல்லம் ஒரு பக்கத்தைத் தட்டாமல் தடுமாறாமல் வாசித்து முடித்துத் திரும்பினாள். எடுத்துக்கொள் என்று கிராணியார் கண்ணால் காட்டினார்.

"தூங்குற புள்ளைய எடம் மாத்தக் கூடாதுங்கய்யா," என்று அவள் காதோரம் சொன்னாள். "இவன் ஆரம்பிச்சா அத்தனையும் ஆரம்பிச்சிரும்."

அத்தனையும் சுற்றிலும் கிடந்தன. சில தூங்கின, சில அழுவதற்குச் சமயம் பார்த்தன. கிராணியார் வாயை மூடினார்.

இதற்குமேல் சொல்வதை நம்புவது உங்கள் பாடு. பெரிய கிராணி அன்று வெகுநேரம் யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, கை கால் கழுவி, உறவுக்காரர்களையும் அழைத்து வந்தது. அசையவில்லை. மணி அடித்து எல்லாரும் விளையாடப் போனார்கள். அசையவில்லை. மடியில் இளஞ்சூடாக ஏதோ பரவி இறங்கியது. அதற்கும் அசையவில்லை. விளையாடி முடித்துப் பிள்ளைகள் வந்தபின் கூட்டல் கணக்கும் முடிந்தது, கழித்தலும் முடிந்தது.

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. ஆபீசில் கிராணியைக் காணாமல் பெரிய துரையே தேடி வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கிராணியாரின் கால்கள்? பாவம், பழக்கப்படி எழத்தான் பார்த்தன. மரத்துப்போனதில் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. அந்த ஆட்டத்தில் சின்னத்தம்பி முனகினான். பாயெங்கும் சின்னச் சின்னத் தலைகள் நிமிர்ந்தன.

துரை வாசலில் நின்று பார்த்தார். தரையில் தம் பெரிய கிராணி, மடியில் கைக்குழந்தை, கால்சட்டையில் ஈரம்.

"கிராணி, இது என்னா?" என்றார் தோட்டத்தில் கற்ற தமிழில்.

"சத்தம் போடாதீங்க துரை. புள்ள தூங்குது."

காட்டை அழித்துக் கன்று நட்ட நாள் முதல், துரையைச் சத்தம் போடாதே என்று சொன்ன வாய் அந்தத் தோட்டத்தில் கிடையாது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இந்த இனத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். தவறிப்போய்ச் செய்ததையும் தாமே திட்டம் போட்டுச் செய்ததாக மாற்ற அவர்களுக்கு மூச்சு விடுகிற நேரம் போதும்.

"எல்லாம் நம்ம ஏற்பாடுங்க துரை," என்று கிசுகிசுத்தார். "பொம்பளப் புள்ளைங்க படிப்பு நிக்கக் கூடாதுன்னு, கைப்புள்ளையோடயே வரலாம்னு உத்தரவு போடறேங்க. சரிப்பட்டு வருமான்னு நானே உக்காந்து பாக்கறேன்."

துரை பாயைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஈரத்தையும் பார்த்தார். நல்ல ஏற்பாடு என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பூட்ஸ் நுனியில் நடந்து வெளியேறினார். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எந்த மொழியிலும் இல்லாத சில எழுத்துகளை எழுதினார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை உத்தரவு ஒட்டப்பட்டது. கைக்குழந்தைகள் வரலாம். குழந்தைகள் வரிசையாகத் தூங்கவேண்டும் என்றும், அழுவதானால் பாடம் முடிந்தபின் அழவேண்டும் என்றும் துணை விதிகள். கீழே சபாபதியின் கையெழுத்து. செல்லம் அதை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்துவிட்டு, "அப்ப இன்னைக்கும் உக்காருவீங்களாய்யா? ராசம்மா தங்கச்சிக்கு மடி பத்தல," என்றாள். கிராணியாருக்கு ஆபீசில் அவசர வேலை ஞாபகம் வந்தது.

செல்லம் படிப்பைத் தொடர்ந்தாள். கிராணியார் கதையைத் தொடர்ந்தார். தெப்ராவில் சொன்னபோது ஒரு குழந்தை. தூரத்து ஊரான மூவாருக்குக் கதை போய்ச் சேர்வதற்குள், ஒரே மடியில் பத்துக் குழந்தைகளைத் தூங்கவைத்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஈ வந்து உட்கார்ந்தபோதே, குழந்தையை மெல்லத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்திருக்கலாமே, இது தெரியாதா இந்த மனிதருக்கு என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் அப்படியே அசையாமல் இருங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. போய் வாங்கி வருகிறேன்.