தக்காளிக் கருவாடும் எடைமேடை அண்ணாச்சியும்

இந்தியப் பொருளாதாரத்தை நேரில் எடை போட்டுப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எடைமேடை அண்ணாச்சிதான். மற்றவர்களெல்லாம் கணித்தார்கள், மதிப்பிட்டார்கள், தொலைக்காட்சியில் நாலு பேராக உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அண்ணாச்சி மட்டும் நாட்டை லாரி லாரியாக மேடையில் ஏற்றி நிறுத்தி, பெட்டியில் மின்னும் சிவப்பு எண்ணைப் பார்த்து "ம்" என்றார்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பளங்கள் முடிந்து சரக்குக் கிட்டங்கிகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்த எடைமேடை. உப்பு, கரி, உரம், மரத்தடி, எது போனாலும் அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அண்ணாச்சியின் வேலை. அவருக்குப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும், கச்சான் காற்றில் வேட்டி படபடக்க, அண்ணாச்சி ரெஜினா அக்காவின் பரோட்டாக் கடைக்கு வந்துவிடுவார்.

"நாடு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்பாள் அக்கா, மாவை வீசிக்கொண்டே.

"நேத்து நல்லா இருந்துச்சு தாயி. இன்னைக்கு கொஞ்சம் இளைச்சுட்டு. லாரியெல்லாம் பாரமில்லாம துள்ளிக்கிட்டுப் போகுது."

ஒரு ஐப்பசியில் உப்பு லாரிகளின் எடை திடீரென்று கூடியது. அண்ணாச்சி கடைக்குள் நுழையும்போதே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நாடு வளந்துட்டு."

எதிர் பெஞ்சில் பேங்க் சார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணாச்சியின் ஆயுட்கால எதிர்க்கட்சி. "வெளிய மழை பெய்யுதுவே. நனைஞ்ச உப்பு கனக்கத்தான் செய்யும்."

"நனைஞ்சா என்ன? கூடுனது கூடுனதுதானே சாரே."

"உள்ள ஒண்ணும் கூடாம ஊதிப்போறதுக்குப் பேருதான் பணவீக்கம். இவ்வளவு நாளா நீரு எடை போட்டது அதைத்தான்."

அன்று அண்ணாச்சி பரோட்டாவை மிகவும் மெதுவாகப் பிய்த்தார்.

மெதுவாகப் பிய்ப்பது அங்கே ஒரு கலை. எங்கள் ஊரில் பரோட்டாவுக்குத்தான் விலை. சால்னாவுக்குக் கிடையாது. முதல் ஊற்றலில் பரோட்டா நனையும், இரண்டாவதில் மூழ்கும், மூன்றாவதில் பேச்சு சூடு பிடிக்கும். இலையில் சால்னா வற்றாத வரைக்கும் ஒரு மனிதனை எழுந்து போ என்று சொல்ல முடியாது. மனைவி போன பிறகு அண்ணாச்சியின் வீட்டில் காற்றும் ஒரு ரேடியோவும் மட்டுமே இருந்தன. மகள் கோயம்புத்தூரில். ஆகவே இரண்டே இரண்டு பரோட்டாவை வைத்துக்கொண்டு, கடல் அலை மாதிரி வந்து வந்து போகும் சால்னாவின் கரையில், கடை சாத்தும் வரை நாட்டை ஆண்டார்.

அந்த ஆட்சிக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. தக்காளி விலை தங்கம் மாதிரி ஏறிய நேரம். அக்கா கரண்டியால் சட்டியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாவது ஊத்தலுக்குத் துட்டு. இல்லன்னா நான் கடையைச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்."

காசு கொடுக்க யாருக்கும் மனத்தடை இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சால்னாவை முன்னால் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? தின்றோம், கை கழுவினோம், போனோம் என்றாகிவிடும். அண்ணாச்சி பெஞ்சை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இது பேசித் தீக்க வேண்டிய விஷயம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையிலேயே பட்டிமன்றம். பொருளாதாரத்தைக் காப்பது வளர்ச்சியா, விலைக் கட்டுப்பாடா, சேமிப்பா என்பது தலைப்பு. கையில் கரண்டி இருந்ததால் அக்காவே நடுவர்.

வளர்ச்சிக்காகப் பேசியவன் விசைப்படகுக்குப் போகும் சேவியர். "அக்கா இன்னொரு கல்லு போடட்டும். ரெண்டு மடங்கு வியாபாரம், ரெண்டு மடங்கு லாபம். அம்புட்டுதான்."

"ரெண்டு மடங்கு சால்னாவை ஒங்க அப்பனா காய்ச்சுவான்?" என்றார் நடுவர்.

அடுத்தது பேங்க் சார். "தேவையைக் குறைச்சா விலை தானா இறங்கும். ஒரு வாரம் எல்லாரும் பரோட்டாவை வெறும் பரோட்டாவாத் திங்கணும்."

"அதை ஒம்ம வீட்டுல வச்சுத் தின்னும்" என்று பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல்.

கடைசியாக அண்ணாச்சி எழுந்தார். "எண்ணெய் கிடைச்ச நாட்டுக்காரன் என்ன செஞ்சான்? வந்ததையெல்லாம் வழிச்சு நக்கல. நல்ல காலத்துல ஒதுக்கி, கெட்ட காலத்துக்கும் பேரப்பிள்ளையளுக்கும் வச்சான். அதுக்குப் பேரு இறையாண்மைச் செல்வ நிதியம்."

"நம்மகிட்ட எங்கன இருக்கு அண்ணாச்சி எண்ணெய்?" என்றான் சேவியர்.

"ஏலே, சால்னா மேல மிதக்குல்லா, அதுதான் நம்ம எண்ணெய். தக்காளி சீப்பட்டுக் கிடக்கிற மாசத்துல வாங்கிக் காய வைப்போம். விலை ஏறுத மாசத்துல எடுத்துப் போடுவோம். அது வரைக்கும் ஆளுக்கு ஒரு பரோட்டா கூடத் தின்னு அக்காவைத் தாங்குவோம்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "சரி. அடுத்த ஏத்தம் வரட்டும். ஒங்க நிதியம் என் சட்டியைக் காப்பாத்துச்சுன்னா ஊத்தல் நிக்காது. காப்பாத்தலைன்னா ரெண்டாவதுக்குத் துட்டு. பெறவு ஒருத்தரும் பேசப்பிடாது."

விலை இறங்கியது. சாத்தான்குளம் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், விலைபோகாத தக்காளியைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் எடைமேடை ஓரத்திலேயே இறக்கிவிட்டுப் போனார். அண்ணாச்சி தார்ப்பாய் விரித்தார். தெருவே உட்கார்ந்து அரிந்தது. வானத்தில் ஒன்று, தார்ப்பாயில் ஆயிரம் என்று சூரியன்கள் காய்ந்து கிடந்த நாட்கள் அவை.

தவறு அங்கேதான் நடந்தது. வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. உப்பும் கருவாடும் கைப்பழக்கமாகிவிட்ட ஊர் இது. வெயிலில் ஒன்று காய்வதைப் பார்த்தால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது. "உப்பு காணாதுன்னா புழு வச்சிரும்" என்று சேவியர் ஒரு கை அள்ளித் தூவினான். உப்பு லாரி டிரைவர்கள் சீட்டு வாங்க இறங்கும்போதெல்லாம் ஆளுக்கொரு கை தூவினார்கள். நிதியத்தை ஒப்புக்கொள்ளாத பேங்க் சார்கூட, யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்து ஒரு கை போட்டார். ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. தக்காளி கருவாடாகிக்கொண்டிருந்தது.

சுருங்கிச் சிவந்த நிதியத்தை ஊறுகாய் ஜாடிகளில் அடைத்து, கடை அலமாரியில் அடுக்கினார் அண்ணாச்சி. ஒரு ஜாடியை மட்டும் மேல் தட்டில் வைத்தார். "இது அசலு. என்ன வந்தாலும் இதுல கை வைக்கப்பிடாது. வாரப்போற தலைமுறைக்கு."

அடுத்த ஏற்றம் வந்தது. அக்கா முதல் ஜாடியைத் திறந்தாள். வழக்கப்படி உப்பும் போட்டாள். சால்னா கொதித்தது, மணந்தது, இலையில் இறங்கியது.

முதல் வாயிலேயே எல்லாக் கைகளும் தண்ணீரைத் தேடின.

சேவியர்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான் கடல்ல விழுந்து எந்திச்சவன் அக்கா. அங்கனகூட இவ்வளவு உப்பு கிடையாது."

பேங்க் சார் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "வாரப்போற தலைமுறைக்கு ரத்தக்கொதிப்பைச் சேத்து வச்சிருக்கீருவே."

அண்ணாச்சி கண்ணில் நீர் கட்டி நிற்க, கடைசித் துண்டு வரை வழித்துத் தின்றார். பிறகு இலையை முன்னால் தள்ளினார்.

"தாயி, இன்னொரு ஊத்து."

அக்காவின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது ஊற்றலை அன்று ஒருவரும் கேட்காமல் போனால், நிதியம் தோற்றது. பெஞ்சும் போனது.

இன்னொரு இலை நகரும் சத்தம். பேங்க் சாருடையது. தினமும் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் ஊத்தும்மா. தாராளமாவே ஊத்து."

பின்னாலேயே சேவியர். அப்புறம் லாரி டிரைவர்கள். எல்லா இலைகளும் வரிசையாக அக்காவைப் பார்த்து நீண்டன.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போதும், செத்துக்கித்துத் தொலையாதிய. ஊத்தல் நிக்காது. எந்திச்சு மோரு குடிங்க."

மறுநாளிலிருந்து தக்காளியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டியில் தனியாக உப்பே போடாமல் காய்ச்சினாள். சால்னா பிழைத்தது. விலை இறங்கும் வரை ஜாடிகள் தாங்கின. நாட்டிலேயே சொன்னபடி வேலை செய்த ஒரே நிதியம் அது என்று அண்ணாச்சி விடாமல் சாதித்தார். பேங்க் சார் விடாமல் மறுத்தார்.

இப்போது அண்ணாச்சி மகள் வீட்டில் இருக்கிறார். முட்டுவலி. பொழுது சாய்கிற நேரத்துக்குச் சரியாகக் கடைக்குப் போன் வரும். அக்கா அதைச் சட்டிக்குப் பக்கத்தில், பேங்க் சாருக்கு எட்டுகிற தூரத்தில் வைப்பாள். "நாடு எப்படி இருக்கு?" என்று இப்போது அண்ணாச்சிதான் கேட்கிறார். "ஒம்ம கண்ணு இல்லாம இளைச்சுட்டுவே" என்கிறார் பேங்க் சார். பிறகு சண்டை தொடங்குகிறது.

சமீபத்தில் தக்காளி மறுபடியும் ஏறியது. மேல் தட்டைக் காட்டி, "அந்த ஒரு ஜாடி சும்மாதானே அக்கா இருக்கு" என்றேன்.

அக்கா முக்காலி போட்டு ஏறினாள். ஜாடியை எடுத்து, மூடியில் படிந்திருந்த மாவுத்தூசியை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அசலுல கை வைக்கப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவல்லா" என்றாள்.