வேர் பிடிக்காத கம்போஜா

"வெட்டின குச்சிக்கு வேர் விடுன்னு யாருப்பா சொல்றது?" என்று மகள் சிறுமியாக இருந்தபோது கேட்டாள். கப்பலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த கர்யோனோ, "அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கேட்க அம்மா இல்லை. சுமிரா இறந்தபோதும் அவர் கடலில், யாருக்கோ சமைத்துக்கொண்டுதான் இருந்தார். ஜாவாவுக்குத் திரும்பியதும், மகள் போனில் சொன்ன அடையாளத்தை வைத்து, மழையில் பெயர் அழிந்த மரப்பலகைகளுக்கு நடுவே கபரைத் தேடிப் பிடித்தார். கட்டின மனைவியின் கபர் எது என்று ஊராரைக் கேட்க வெட்கம்.

நோன்புக்கு முன்பு ஊர்கூடி மையவாடியைச் சுத்தம் செய்யும் நாளில் மகள் வருவாள். அதற்குள் தலைமாட்டில் ஒரு கம்போஜா, அங்கே கபர்களில் நடும் கள்ளிமந்தாரை, துளிர்க்க வேண்டும். துளிர்த்தால் சுமிரா மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம்.

முதல் குச்சியைப் பால் வடிய வடிய நட்டுத் தண்ணீர் ஊற்றினார். அழுகிப்போயிற்று.

"நுனியில ஊறுற சத்து கீழ இறங்கி, வெட்டுன இடத்துல சேர்ந்துதான் வேரைக் கூப்பிடும். இந்தப் பொடியும் அதையேதான் செய்யும்," என்றார் நாற்றுக்கடைக்காரர். "ஒரு சிட்டிகை போதும்ண்ணே."

கர்யோனோ டப்பாவையே கவிழ்த்தார். குச்சி கருகியது.

"நிறையப் போட்டா சத்தமாக் கூப்பிடும்னு நெனச்சேன்."

"காதுகிட்ட வந்து கத்தினா யாருண்ணே வருவா?"

மையவாடிக் காவல்காரரின் மனைவி வாகினெம், "சின்ன வெங்காயச் சாறு ஊத்திப் பாருங்க" என்றாள். அவர் இளநீரையும் சேர்த்து ஊற்றினார். எறும்புப் படையே வந்து இறங்கியது. பக்கத்து கபருக்கு ஓத வந்த மோதினார், காலை மாற்றி மாற்றித் தூக்கிப் பாதி துஆவில் ஓடினார்.

"ஓதுறாரா ஆடுறாரான்னே தெரியல!" என்று சிரித்தாள் வாகினெம்.

கர்யோனோ சிரிக்கவில்லை. "அவ என்னை மன்னிக்கலம்மா."

வீட்டு மூலையில் காய்ந்து கிடந்த கடைசிக் குச்சியைப் பொடியில்லாமல், சாறில்லாமல், பிஸ்மில்லா மட்டும் சொல்லி நட்டார். தண்ணீர் ஊற்றக்கூட மனம் வரவில்லை.

சுத்தம் செய்யும் நாள் காலை, நுனியில் பச்சை தெரிந்தது. மண்ணைத் தொட்டு, "சுமிரா... சுமிரா..." என்று விம்மினார்.

வாகினெம் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"சுமிராக்காவா? அவங்க அந்த வேலியோரம்ல இருக்காங்க! ஊரே முறைபோட்டுப் பெருக்குதே. இது மார்சியா அக்கா. உங்க சம்சாரத்தைக் கடைசிவரைக்கும் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டினவங்க. நாதியத்தவங்க கபர்... நன்றிக்கடனை யாருக்கும் தெரியாமத் தீர்க்கறீங்கன்னு நெனச்சுல்ல நாங்க எல்லாரும் தெரியாத மாதிரியே இருந்தோம்!"