அனுமதி இல்லாமல் அவுட் ஆனவர்

நடுவர் என்பவர் மனிதர். மனிதருக்கு இரண்டே கண்கள். அவையும் தூசி பறந்தால் மூடிக்கொள்ளும். ஆகவே ஐயத்துக்கிடமான தருணங்களில் நடுவர்கள் ஒருவரோடொருவர் கலந்தாலோசிப்பது முறை. எங்கள் ஊர் லோமா கெமாதாவின் பேஸ்பால் மைதானத்தில் அந்தக் கலந்தாலோசனை ரொம்ப எளிமையாக நடந்துவந்தது. ஹோம் பிளேட்டில் நிற்கும் தலைமை நடுவர் கிறிசோஸ்தமோ, "டேய் திபூர்சியோ, பார்த்தியா?" என்று கத்துவார். முதல் பேஸில் நிற்கும் திபூர்சியோ, "பார்த்தேண்ணே, அவுட்டு!" என்று பதிலுக்குக் கத்துவார். கூட்டம் இருவருடைய தாயாரைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்லும். ஆட்டம் மேலே நடக்கும்.

இந்த அநாகரிகத்தை ஒழிப்பதற்காக மாகாண பேஸ்பால் சம்மேளனத்தின் செயலாளர் அல்மான்சார் மயாமிக்குப் போய் ஒரு பயிலரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்தார். போகும்போது எல்லோரையும் போலப் பேசிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்தபின் பேசுவதை விட்டுவிட்டார். 'தகவல் தொடர்பு' மட்டுமே செய்தார். வீட்டில் காபி கேட்பதற்குக்கூட, முதலில் மனைவியின் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தார் என்கிறார்கள். காபி வரவில்லை, நடுவர்களுக்குக் கையேடு வந்தது.

அதன்படி இனி நடுவர்கள் கத்தக் கூடாது. தொப்பியைத் தொட்டால் 'என்னிடம் தகவல் உண்டு'. மார்பில் கை வைத்தால் 'எனக்கு ஐயம் உண்டு'. காதைத் தொட்டால் 'மாற்றுக் கருத்து உண்டு'. கேட்காமல் யாரும் தகவல் தரக் கூடாது. வாய்விட்டுக் கேட்பதோ தலைமை நடுவரின் கண்ணியத்துக்கு இழுக்கு.

"அப்ப 'அவுட்டு'ங்கிறதுக்கு என்ன சைகைங்க ஐயா?" என்று திபூர்சியோ பணிவோடு கேட்டார்.

"அது முடிவு. இது தகவல் தொடர்புக் கையேடு. ரெண்டையும் குழப்பாதீங்க" என்றார் செயலாளர்.

இறுதி ஆட்டம் பக்கத்து ஊரான அர்ரோயோ மான்சோவுடன். கடைசிச் சுற்று. அவர்கள் ஒரு ஓட்டம் முன்னால். தொடரின் புள்ளிக் கணக்கில் நாங்கள் முன்னால் இருந்ததால், சமன் செய்தாலே கோப்பை எங்களுக்கு; இன்னும் ஒருவர் அவுட் ஆனால் அவர்களுக்கு. ஹோம் பிளேட்டுக்கு முந்தைய நிறுத்தமான மூன்றாவது பேஸில் நின்றவர் எங்கள் ஊர்க் கசாப்புக்கடை பசிலியோ. பந்து அடிபட்டதும் மனிதர் காளை மாதிரி ஓடிவந்து, தொட்டால் ஓட்டம் கிடைக்கும் ஹோம் பிளேட்டை நோக்கி வயிற்றால் சறுக்கினார். அதற்குள் பந்தை அவர்மேல் பட வைத்து அவுட் ஆக்க, அதே நொடியில் எதிரணிக்காரன் கையில் பந்தோடு மேலே விழுந்தான். புழுதி அடங்கியதும் ஊரே கிறிசோஸ்தமோவைப் பார்த்தது. அவர் மார்பில் கை வைத்தார்.

கூட்டத்தில் பாதிப் பேர் மாரடைப்பு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

திபூர்சியோ தொப்பியைத் தொட்டார். கிறிசோஸ்தமோ கேட்கவில்லை, கண்ணியம். திபூர்சியோ தொப்பியை இன்னும் பலமாகத் தொட்டார். இந்த நேரம் பார்த்து மூன்றாவது பேஸில் நின்ற நடுவர் எவாரிஸ்தோவின் காதில் ஒரு கொசு புகுந்தது. அவர் பளாரென்று காதில் அடித்துக்கொண்டார். மாற்றுக் கருத்து உருவாகிவிட்டது! மாற்றுக் கருத்து உருவானால் மாநாடு கட்டாயம்.

மூவரும் ஹோம் பிளேட்டில் கூடினார்கள். உதட்டசைவை யாரும் படித்துவிடக் கூடாதென்று தொப்பியால் வாயை மூடிக்கொண்டு பேச வேண்டும் என்பது விதி. அதனால் ஒருவர் பேசியது அடுத்தவருக்கும் கேட்கவில்லை. பசிலியோ எழுந்திருக்கப் பார்த்தார்.

"படு!" என்றார் கிறிசோஸ்தமோ. "சம்பவ இடம் கலையக் கூடாது."

"எறும்பு கடிக்குதுண்ணே."

"அது சம்மேளனத்துக்கு உட்பட்ட விஷயம் இல்ல."

"அண்ணே, நான் அவுட்டுதான். நான் பிளேட்டத் தொடுறதுக்கு முன்னாடியே பந்து என் தோள்ல பட்டுருச்சு."

மூன்று தொப்பிகளும் திடுக்கிட்டுத் திரும்பின. "யோவ், நீ விவாதத்துக்கு உரிய பொருள்" என்றார் எவாரிஸ்தோ. "பொருள் பேசக் கூடாது."

மாநாடு தொடர்ந்தது. யார் முதலில் பேசுவது, வயதுப்படியா சீனியாரிட்டிப்படியா என்பதில் அது சிக்கிக்கொண்டிருந்தது. மேடைமேல் செயலாளர் முகம் பூரித்துப் போயிருந்தது. "எவ்வளவு தொடர்பு பாருங்க!" என்று பக்கத்தில் இருந்த மேயரிடம் சொன்னார்.

கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. வாழைக்காய் வறுவல் விற்கும் யொகாஸ்தா சட்டுவத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏன்யா, ஒரு உண்மையைச் சொல்ல மூணு தொப்பியா? எவனாவது ஒருத்தன் வாயத் தொறந்து உள்ளதச் சொல்லித் தொலைங்களேன்!"

"உண்மை வேணும்! உண்மை வேணும்!" என்று இரண்டு ஊரும் சேர்ந்து கத்தின. உண்மை தங்கள் பக்கம்தான் என்பதில் இரண்டு ஊருக்கும் சந்தேகம் இல்லை.

பசிலியோ அதை நம்பிவிட்டார். எழுந்தார், சட்டையைத் தட்டிக்கொண்டார், இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்: "ஜனங்களே! நான் அவுட்டு! என் கண்ணால பார்த்தேன்!"

முதலில் ஒரு செருப்பு பறந்தது. பிறகு யொகாஸ்தாவின் சட்டுவம் பறந்தது. "உன்ன யாருடா கேட்டா?"

நடுவர்கள் உடனே தீர்ப்பளித்தார்கள்: ஓட்டக்காரர் அவுட். பந்து பட்டதற்காக அல்ல. அதுபற்றி மாநாடு இன்னும் முடிவுக்கு வரவில்லை. அனுமதியின்றிச் சம்பவ இடத்தைக் கலைத்ததற்காக. 'அதிகாரமற்ற தகவல் தொடர்பு' என்ற குற்றத்துக்காக அவருக்கு ஒரு பருவம் ஆடத் தடையும் விதிக்கப்பட்டது. புதிய முறையின் மகத்தான வெற்றி என்று செயலாளர் வானொலியில் தொடர்பு செய்தார்.

எங்கள் ஊரில் அப்புறம் யாரும் பசிலியோ கடையில் கறி வாங்கவில்லை. "உள்ளத உள்ளபடி சொல்றவன் எடை மட்டும் சரியாப் போடுவானா?" என்று கேட்டுக்கொண்டோம். அந்தக் கேள்வியில் தர்க்கம் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அர்ரோயோ மான்சோக்காரர்களோ அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், முழுப் பன்றியைச் சுட்டு, பாட்டோடு விருந்து வைத்தார்கள். கண்ணீர் விட்டார்கள். இப்படி ஒரு மனிதனை மாகாணமே கண்டதில்லை என்றார்கள். மனம் குளிர்ந்த பசிலியோ, தடை முடிந்ததும் அவர்கள் அணியிலேயே ஆட வந்துவிடுவதாகச் சொன்னார்.

பாட்டு சட்டென்று நின்றது. அவர்களுடைய பயிற்சியாளர் எழுந்து வந்து, பசிலியோவைக் கட்டித் தழுவி, தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தார்.

"நீங்க தங்கமான மனுஷன் அண்ணே" என்றார். "ஆனா பாருங்க, எங்க பசங்களும் அப்பப்ப அவுட் ஆகிறவங்கதான்."