பெண் பார்க்கப் போன மல்டிமீட்டர்

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழம், வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் மல்டிமீட்டரையும் கொண்டுபோனேன்.

எண்பதுகளின் தொடக்கம். போளூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. மின்சாரமே என்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்ற நினைப்பு. பெண் வசந்தா, ஆரணியில் பட்டு நெசவாளர் வீடு. ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருப்பதாகத் தரகர் காதைக் கடித்தார். காபியைக் கொடுத்துவிட்டு அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நான் காலி. எப்படியாவது வாத்தியாரை முந்தியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா, "தறிக்குழியில கால வச்சிகினு இந்த டேபிள் ஃபேனத் தொட்டா சுள்ளுன்னுதுங்க" என்றார். (பழம் நழுவிப் பாலில் விழுந்தது.)

பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். கூட வந்த தாய்மாமா, "வேணாண்டா" என்று முழங்கையால் இடித்தார். கேட்டால்தானே? பிளக் பாயின்டில் கரன்ட் வரும் லைவ் துளையில் ஒரு முனை, எர்த் துளையில் இன்னொரு முனை. இருநூற்று முப்பது வோல்ட்டைத் தொட வேண்டிய முள் பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது.

"எர்த் சரியில்லைங்க. கசியற கரன்ட் மண்ணுக்குள்ள எறங்கல."

"முள்ளு ஆடுறது எங்களுக்கு இன்னா தெரியும் மாப்ள? புரியறாப்ல காட்டுங்க."

மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டாரே! தலைகால் புரியவில்லை. ஹோல்டரில் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் அதே துளைகளில் செருகினேன். "எர்த் நல்லா இருந்தா இது எரியணும். பாருங்க, எரியல!"

பல்பு எரியவில்லைதான். ஆனால் கொல்லையில் "ஐயோ!" என்று ஓர் அலறல் கேட்டது.

விஷயம் இதுதான். நல்ல கம்பி மண்ணுக்குள் வீணாகக் கிடக்கிறதே என்று, எர்த் கம்பியைக் குழியிலிருந்து பிடுங்கி, முருங்கை மரத்தில் இழுத்துக் கட்டித் துணி காயப்போடும் கொடியாக்கியிருந்தார்கள். பல்பு வழியாக நான் அந்தக் கொடிக்குக் கரன்ட் அனுப்பியபோது, வசந்தாவின் அம்மா ஈரப் புடவையை அதில் போட்டிருக்கிறார்.

"மொதல்ல அந்த ஒயரப் புடுங்குங்க!" வசந்தா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. சொல்லிவிட்டு அவளே ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

அவள் அம்மா கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். நல்லவேளை, உதறலோடு போயிற்று. நான் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். (தொடப் பயந்து, ஒரு முழம் தள்ளி.)

"பல்பு எரியல. எம்பொண்டாட்டிதான் எரிஞ்சிகினு கீறா. கெளம்புங்க" என்றார் அப்பா.

பஸ் ஸ்டாண்டு வரை மீட்டர் பையை மாமா என் கையில் கொடுக்காமல் தானே சுமந்து வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுவாரம் தரகர் வந்தார். "பொண்ணு உன்னத்தான் கட்டிக்குவேன்னு நிக்குதுபா. வாத்தியாரு வந்து பஜ்ஜி துன்னுட்டுப் போனாராம். இவரு வந்த அன்னிக்கே வீட்ல கீற கோளாறக் கண்டுபுடிச்சாரேன்னுது!"

அந்தக் கம்பியைக் கழற்றி எர்த் குழிக்கே திருப்பியதுதான் மாப்பிள்ளையாக நான் செய்த முதல் வேலை. கொடி நைலான் கயிறாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"மாப்ள வந்துட்டாரு! யாரும் கொடியத் தொடாதீங்க!"